இரண்டே வருடம் இருந்த மூவர்: ஃபன் பாய் த்ரீயை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

புதிதாக ஒரு இசைக்குழுவைக் கேட்க நினைப்பவர் வழக்கமாக முதல் ஆல்பத்தை எடுத்து, முதல் பாட்டிலிருந்து வரிசையாக ஓட விடுவார். ஃபன் பாய் த்ரீ விஷயத்தில் அதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன். ஸ்கா என்ற துள்ளலான ஜமைக்கா இசையை வாசித்த குழுவிலிருந்து வந்தவர்கள், ஆட்டம் போட வைப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்தால், கொட்டுச் சத்தமும் கூட்டமாக முணுமுணுக்கும் குரல்களும்தான் வந்தன. நாலாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். திரும்ப அந்தப் பக்கம் போகப் பல மாதம் ஆனது. இரண்டாவது தடவை வேறு வரிசையில் கேட்டேன், அப்போதுதான் பிடிபட்டது. அந்த வரிசைதான் இது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

யார் இவர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெர்ரி ஹால், நெவில் ஸ்டேபிள், லின்வல் கோல்டிங். மூவரும் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரத்தில் உருவான ஸ்பெஷல்ஸ் குழுவில் இருந்தவர்கள். ஹால் அந்த ஊர்க்காரர், வெள்ளையர். மற்ற இருவரும் ஜமைக்காவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர்கள். 1981இல் ஸ்பெஷல்ஸை விட்டு வெளியேறி ஃபன் பாய் த்ரீயைத் தொடங்கினார்கள், 1983இல் கலைத்துவிட்டார்கள். இடையில் இரண்டு ஆல்பம். பிரிட்டன் விற்பனைப் பட்டியலின் முதல் 20 இடங்களுக்குள் ஏழு பாட்டு. 'ஜாலிப் பையன்கள் மூவர்' என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வருடமும் மூஞ்சியை உம்மென்று வைத்திருந்தார்கள்.

முதல் படி: காதைப் பழக்குவது

ஸ்காவை ஏற்கெனவே அறிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் ஒரு நிமிடம் மேசையைத் தட்டிப் பாருங்கள். 'தக தக தக தக' என்று சீராகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு 'த'வுக்கும் காலைத் தட்டுங்கள். இப்போது கையை 'க'வில் மட்டும் தட்டுங்கள். கால் ஒரு இடத்தில், கை அதற்கு நடுவே உள்ள இடைவெளியில். அந்தக் கைதான் ஸ்காவில் கிட்டார். தாளம் விழும் இடத்தை விட்டுவிட்டு, விழாத இடத்தில் வெட்டி வெட்டி வாசிப்பார்கள். உடம்பு தானாக முன்னும் பின்னும் ஆடும்.

1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் ஜமைக்காவில் பிறந்த இசை இது. அதன் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, அப்புறம் ரெகே ஆனது. ஜமைக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களோடு இசைத்தட்டுகளும் வந்தன. கார் தொழிற்சாலைகள் நிறைந்த கோவன்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் என்ற கீபோர்டு கலைஞர், அந்தப் பழைய ஸ்காவையும் பங்க் இசையின் கோபத்தையும் சேர்த்து ஸ்பெஷல்ஸை உருவாக்கினார். 1979இல் டூ டோன் என்ற சொந்த இசை நிறுவனத்தையும் தொடங்கினார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அதன் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். குழுவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து நின்றதையும் அந்தக் கட்டம் சொன்னது.

இந்தப் படிக்கு ஒரே பாட்டு போதும். ஸ்பெஷல்ஸின் 'எ மெசேஜ் டு யூ ரூடி'. ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த டேண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடியதைத்தான் 1979இல் இவர்கள் திரும்பப் பாடினார்கள். இரண்டிலும் டிராம்போன் ஊதியவர் ஒரே ஆள், ரிக்கோ ரோட்ரிகஸ். பன்னிரண்டு வருடம் கழித்து அதே பாட்டுக்கு அதே மனிதரைக் கூப்பிட்டு ஊத வைத்தார்கள் என்பதிலேயே இந்தக் குழுவின் மரியாதை தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. ஃபோனின் சிறிய ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசை வகை முழுக்க பேஸ் கிட்டாரின் முதுகில் உட்கார்ந்திருப்பது, அது ஃபோனில் கேட்கவே கேட்காது. சாதாரண இயர்போன் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: உடைந்த இடத்தைக் கேட்பது

அடுத்து 'கோஸ்ட் டவுன்'. ஆளில்லாமல் பேய் உலாவும் ஊர் என்று அர்த்தம். இதுவும் ஸ்பெஷல்ஸ் பாட்டுதான், ஆனால் இதைக் கேட்காமல் ஃபன் பாய் த்ரீ புரியாது.

1981 ஜூலையில் இந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. மூடிய கடைகள், மூடிய நடன அரங்குகள், வேலையில்லாத இளைஞர்கள், தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும் ஊர். ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கலவரம் நடந்திருந்தது. பாட்டு முதலிடத்துக்கு ஏறிய அதே நாட்களில் லிவர்பூலின் டாக்ஸ்டெத் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த ஜனவரியில் நாட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ஒரு பாட்டும் செய்தித்தாளும் இப்படி ஒன்றாகப் பொருந்துவது அபூர்வம்.

பாட்டு முதலிடத்தில், குழு உள்ளே சிதறிக் கிடந்தது. பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாட வந்த இடத்தில்தான், நாங்கள் மூன்று பேரும் போகிறோம் என்று ஹாலும் ஸ்டேபிளும் கோல்டிங்கும் மற்றவர்களிடம் சொன்னார்கள்.

அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தையும் கேளுங்கள். அதில் 'வொய்?' என்றொரு பாட்டு இருக்கிறது, எழுதியவர் கோல்டிங். 1980இல் லண்டனில் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய்த் திரும்பும்போது இனவெறியர்கள் அவரை அடித்துப் போட்டார்கள். ஏன் என்னை அடித்தாய் என்று அடித்தவனிடமே கேட்கிற பாட்டு அது. வசவு கிடையாது, கத்தல் கிடையாது. பின்னால் மூவரும் பிடித்துக்கொண்ட தொனி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆத்திரப்பட வேண்டிய விஷயத்தை ஆத்திரமில்லாத குரலில் சொல்வது.

மூன்றாம் படி: கழித்துவிட்ட இசை

இப்போது ஃபன் பாய் த்ரீயின் முதல் பாட்டுக்கு வரலாம். 1981 நவம்பரில் வந்த 'த லூனட்டிக்ஸ் ஹேவ் டேக்கன் ஓவர் தி அசைலம்'. மனநல விடுதியை நோயாளிகளே கைப்பற்றிவிட்டார்கள் என்பது தலைப்பு. அது குறிப்பது அமெரிக்காவில் அதிபர் ரேகனும் பிரிட்டனில் பிரதமர் தாட்சரும் நடத்திய ஆட்சியை, அவர்கள் கையில் இருந்த அணுகுண்டுகளை. பழைய கௌபாய் படங்களில் நடித்த ரேகன் பெயர் சொல்லப்படாமல் ஒரு கௌபாயாகவே பாட்டுக்குள் வருகிறார்.

இதைக் கேட்கும்போது என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று கவனியுங்கள். வெட்டி வாசிக்கும் ஸ்கா கிட்டார் காணோம். துள்ளும் ஆர்கன் காணோம். ஊதுகுழல் பட்டாளம் காணோம். ஸ்பெஷல்ஸில் ஏழு பேர் சேர்ந்து எழுப்பிய ஆரவாரத்தில், கொட்டுச் சத்தத்தையும் குரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாகம் பிரிக்கும்போது வீடு வாசல் எதுவும் வேண்டாம், திண்ணையை மட்டும் கொடு என்று வாங்கிக்கொண்டு போன மாதிரி.

இதனால் ஹாலின் குரல் முன்னுக்கு வந்தது. அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏற்றமும் இறக்கமும் மிகக் குறைவு. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று வரிசையைப் பார்த்துச் சொல்கிறவரின் குரல். அவருக்கு உங்கள் மேல் கோபமில்லை, அனுதாபம் இருக்கிறதா என்பதும் தெரியாது, சர்க்கரை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உலகம் அழியப் போகிறது என்ற சேதியை அந்தக் குரலில் கேட்டால் கத்திச் சொல்வதைவிட அதிகமாகப் பயம் வருகிறது. கூடவே கொஞ்சம் சிரிப்பும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் நாற்பது வருடம் தாண்டியும் இவர்களைத் தேடிக் கேட்க வைக்கிறது என்பது என் எண்ணம். அரசியல் பாட்டுகள் பல அந்தந்த அரசியலோடு பழசாகிவிடும். இந்தத் தொனி பழசாகவில்லை.

மெட்டு சிக்கென்று பிடிக்காவிட்டால் கவலை வேண்டாம். மூன்று தடவை கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். திரும்ப இங்கே வருவோம்.

நான்காம் படி: மூன்று பெண்கள்

இங்கே வந்ததும் நிலைமை கலகலப்பாகிறது. பனானராமா என்ற பெயரில் மூன்று இளம் பெண்கள் லண்டனில் பாடிக்கொண்டிருந்தார்கள். சாரா டாலின், ஷிவோன் ஃபாஹி, கெரன் உட்வர்ட். பாப் பத்திரிகை ஒன்றில் அவர்களைப் பார்த்த ஹால், குரல் எப்படி என்று தெரிவதற்கு முன்பே அவர்களின் தோரணை பிடித்துப்போய்க் கூப்பிட்டார்.

1982 பிப்ரவரியில் ஆறு பேரும் சேர்ந்து பாடிய 'இட் எய்ன்ட் வாட் யூ டூ' நான்காம் இடம் வரை போனது. என்ன செய்கிறாய் என்பது பெரிதில்லை, எப்படிச் செய்கிறாய் என்பதுதான் விஷயம் என்று பாட்டு சொல்கிறது. 1939இல் ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் ஜாஸ் குழு வாசித்த பழைய பாட்டு. எண்ணெய் போட்டுத் துடைத்து மினுக்கிய அந்தக் காலத்துப் பாட்டை, வீட்டுப் பிள்ளைகள் சமையலறைப் பாத்திரங்களை வைத்துக்கொண்டு பாடினால் எப்படி இருக்குமோ அப்படிப் பாடியிருக்கிறார்கள். பெண்கள் மூவரும் தனித்தனிக் குரல் பிரித்துப் பாடாமல் எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாகப் பாடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு மாதிரி. அதுதான் அழகு.

பதிலுக்கு இவர்கள் பனானராமாவின் பாட்டில் போய்ப் பாடினார்கள். 'ரியலி சேயிங் சம்திங்', 1964இல் வெல்வெலெட்ஸ் என்ற பெண்கள் குழு மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்துக்காகப் பாடிய பாட்டு. அது ஐந்தாம் இடம். தேடும்போது ஒரு சிக்கல் வரும். முதல் பாட்டு ஃபன் பாய் த்ரீ பெயரில் இருக்கும், இரண்டாவது பனானராமா பெயரில் இருக்கும். காணோமே என்று தவிக்க வேண்டாம். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். விருந்தாளியாக வந்த பனானராமா 80கள் முழுவதும் உலகமெங்கும் வெற்றி பெற்றது, கூப்பிட்டவர்கள் அடுத்த வருடமே கடையைச் சாத்தினார்கள்.

இதே நேரத்தில் வந்த 'த டெலிஃபோன் ஆல்வேஸ் ரிங்ஸ்', புகழ் வந்ததும் ஓயாமல் அடிக்கும் தொலைபேசியைப் பற்றியது. கேளுங்கள், நல்ல பாட்டு. 'சம்மர்டைம்' அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 1935ஆம் வருட ஓபராப் பாட்டு, அதை அவசரமில்லாமல் பிற்பாடு கேட்டுக்கொள்ளலாம். முதலில் வந்த ஆல்பத் தட்டில் அது கிடையாது, தனிப் பாட்டாகத் தேட வேண்டும்.

முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்க இப்போது தயாராகிவிட்டீர்கள். 1982இல் வந்தது, குழுவின் பெயரேதான் ஆல்பத்தின் பெயர். இரவில், ஒரே மூச்சில் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றும். உண்மையைச் சொன்னால் இரண்டு மூன்று பாட்டு அரைகுறையாகத்தான் நிற்கின்றன, விசிறிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாம் படி: ஒரே கடிதம், இரண்டு பாட்டு

அவசரக்காரர்கள் இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும்.

1980இல் ஸ்பெஷல்ஸ் அமெரிக்கா போனபோது, லாஸ் ஏஞ்சலஸில் கோ-கோஸ் என்ற பெண்கள் குழுவைச் சந்தித்தார்கள். அதில் கிட்டார் வாசித்த ஜேன் வீட்லினுக்கும் ஹாலுக்கும் கொஞ்ச நாள் காதல். ஊரில் ஹாலுக்கு ஏற்கெனவே ஒரு காதலி இருந்தார். ஊர் திரும்பிய ஹால், சில வரிகளை எழுதித் தபாலில் வீட்லினுக்கு அனுப்பினார். அதை வாங்கி, மிச்சத்தை எழுதி, மெட்டுப் போட்டு முடித்தவர் வீட்லின். அதுதான் 'அவர் லிப்ஸ் ஆர் சீல்ட்'. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நாம் வாய் திறக்கப் போவதில்லை என்பது சாரம்.

முதலில் கோ-கோஸ் 1981இல் வெளியிட்டதைக் கேளுங்கள். கலிஃபோர்னியா வெயில், திறந்த கார், கூட்டாளிகள். வம்பு பேசுகிறவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடுகிற பாட்டு. கையோடு ஃபன் பாய் த்ரீ 1983இல் பாடியதைப் போடுங்கள். வரிகள் அநேகமாக அதே வரிகள். வேகம் குறைந்திருக்கிறது, வானம் இருண்டிருக்கிறது. இங்கே ரகசியம் விளையாட்டாக இல்லை. உண்மையிலேயே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் அது 20ஆம் இடம் வரை ஏறியது, பிரிட்டனில் இது 7ஆம் இடம்.

எது சிறந்தது என்ற சண்டை ரசிகர்களிடையே ஓயாமல் நடக்கும். நான் ஹால் பக்கம். ஆனால் கோ-கோஸைக் கேட்காமல் ஹால் பக்கம் சாயக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பாட்டின் 12 அங்குல இசைத்தட்டில் உருது மொழியிலும் இதைப் பாடிப் பதிவு செய்தார்கள். ஜமைக்காவின் தாளத்தில் வளர்ந்தவர்கள், கலிஃபோர்னியாவில் மெட்டுப் போட்ட பாட்டை, உருதுவில். தேடிக் கேளுங்கள், கிடைக்கிறது.

ஆறாம் படி: 'வெயிட்டிங்'

1983இல் வந்த இரண்டாவது ஆல்பம். தயாரித்தவர் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பைர்ன். இதை மட்டும் முதல் பாட்டிலிருந்து வரிசையாகவே கேட்கலாம். ஏனென்றால் தொடக்கமே ஒரு குறும்பு. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் படத்துக்கு ரான் குட்வின் போட்ட இசையை வாசித்துத் தொடங்குகிறார்கள். கிழவி ஒருத்தி துப்பறியும் படத்தின் டீக்கடை பிஸ்கட் மாதிரியான இசை, அதன் பின்னால் வருவதெல்லாம் இருட்டுச் சமாசாரம்.

முதல் ஆல்பத்தின் வெறுமை இதில் நிரம்பியிருக்கிறது. நிரப்பியவர்கள் பெண்கள். கீபோர்டில் நிக்கி ஹாலண்ட், செல்லோவில் கரோலின் லவெல், டிராம்போனில் ஆனி வைட்ஹெட், பேஸில் பெத்தன் பீட்டர்ஸ், டிரம்ஸில் ஜூன் மைல்ஸ் கிங்ஸ்டன். முன்னால் மூன்று ஆண்கள், பின்னால் பெண் கலைஞர்கள் மட்டும் என்ற அமைப்பு அன்றைய பாப் மேடையில் மிக அபூர்வம். இவர்களை வெறும் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்டால் பாதி ஆல்பத்தை இழப்பீர்கள். நிக்கி ஹாலண்ட் பின்னால் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவுடன் பாட்டு எழுதினார், லவெல் மாஸிவ் அட்டாக் குழுவுடன் வேலை செய்தார்.

'டனல் ஆஃப் லவ்' பாட்டில் அந்தச் செல்லோவைத் தனியாகக் காதால் பிடித்துப் பின்தொடர்ந்து பாருங்கள். பொருட்காட்சியில் ஜோடிகள் ஏறிப்போகும் இருட்டுச் சுரங்க ராட்டினத்துக்கு அந்தப் பெயர். அவசரமாகக் கல்யாணம், நிதானமாக விவாகரத்து. செல்லோ அழுகிறது, ஹால் அழவில்லை. இது 10ஆம் இடம் பிடித்தது. வட அயர்லாந்து வன்முறையைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து மரத்துப்போவதைப் பற்றிய 'த மோர் ஐ சீ', 68க்கு மேல் ஏறவில்லை. ஆளாளுக்குத் தான் எங்கே வசிக்கிறேன், தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒப்பிக்கிற 'வீ ஆர் ஹேவிங் ஆல் த ஃபன்' வேடிக்கையா சோகமா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

ஏழாம் படி: தயாரான பிறகு மட்டும்

'வெயிட்டிங்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வெல் ஃபேன்சி தட்'. இதைத் தெரியாமல் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே தனியாகச் சொல்கிறேன். ஹாலுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு ஆசிரியர் அவரை ஃபிரான்சுக்குக் கொண்டுபோனார். அங்கே சிறுவனுக்கு நடந்த பாலியல் கொடுமைதான் பாட்டு. பிற்காலத்தில் ஹால் பேட்டிகளில் வெளிப்படையாகவே பேசினார். அந்த அனுபவத்துக்குப் பின் நீண்ட காலம் மனச்சோர்வோடு போராடியதையும் சொன்னார். பாட்டில் இசை நடன அரங்கில் ஆடுகிற மாதிரி மெல்ல அசைகிறது, அதன் மேல் அவர் நடந்ததை நடந்தபடி சொல்கிறார். இருபத்து மூன்று வயதில், அதைப் பற்றி யாரும் வாய் திறக்காத காலத்தில், பாப் ஆல்பம் ஒன்றில் பாடினார்.

இதற்குப் பிறகு 'அவர் லிப்ஸ் ஆர் சீல்ட்' கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கும்.

எட்டாம் படி: திரும்பி வருவது

குழு கலைந்ததும் ஹால் த கலர்ஃபீல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். டிரிக்கி என்ற பாடகருடன் பாடினார், கொரில்லாஸ் குழுவுடன் பாடினார். அவையெல்லாம் வேறு வழிகாட்டிக்கான விஷயம். 2023இல் ஃபன் பாய் த்ரீயின் பதிவுகளை எல்லாம் ஒரே பெட்டியில் தொகுத்தும் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த ஏழு படியைத் தாண்டாமல் அதை வாங்காதீர்கள், காசு வீண்.

இந்த வரிசையில் பாக்கி இருப்பது ஒன்றுதான். ஸ்பெஷல்ஸ் திரும்பக் கூடி, 2019 பிப்ரவரியில் 'என்கோர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஹாலும் கோல்டிங்கும் அதில் இருக்கிறார்கள். ஸ்டேபிள் 2013இலேயே விலகிவிட்டார். பிரிட்டனில் அது நேராக முதலிடத்துக்குப் போனது. அதில் 'லூனட்டிக்ஸ்' பாட்டைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். விட்டுப் போனவர்கள் விட்ட பிறகு செய்த பாட்டை, விட்டுப் போன குழுவின் பெயரிலேயே. ரேகனும் தாட்சரும் இறந்துபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது, வரிகளில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. ஹால் 2022 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார், வயது 63.

'லூனட்டிக்ஸ்' பாட்டின் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஆனால் 1981ஐ முதலில் போடுங்கள். புதியதில் இசைக் கருவிகள் அதிகம், ஒலி தடிமனாக இருக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பழையதுக்கு வந்தால், வெறும் கொட்டும் குரலுமாக, ஏதோ இன்னும் பாட்டே தொடங்கவில்லை என்று தோன்றிவிடும்.